இரட்டை மிதிவண்டியும் முழங்கால் நலமும்: கிராங்க் நீளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏரில் பூட்டும் இரு மாடுகளும் ஒத்த உயரம் உடையனவாக இருத்தல் வேண்டும் என்பது, மாட்டுச் சந்தையால் பெயர்பெற்ற மாட்டுத்தாவணிப் பகுதி மக்களுக்குப் புதிய செய்தியன்று. உயரம் வேறுபட்டால் நுகம் சாயும். இரண்டு மாடுகளும் துன்புறும். டேண்டம் எனப்படும் இரட்டை மிதிவண்டியை முன்னும் பின்னுமாக அமர்ந்து ஓட்டும் இருவருக்கும் இது பொருந்தும். ஆனால், மனிதர்களின் உயரத்தை ஒத்ததாக்க இயலாது. எனவே, வண்டியையே ஒவ்வொருவரின் காலுக்கும் ஏற்ப அமைத்தல் வேண்டும்.

தந்தையும் மகளும், கணவனும் மனைவியும் இவ்வண்டியை ஓட்டுகின்றனர். பார்வை மாற்றுத்திறனாளிகள் பின்னிருக்கையில் அமர்ந்து, பார்வையுள்ள ஒருவருடன் இணைந்து ஓட்டவும் இது உதவுகிறது. பாராலிம்பிக் மிதிவண்டிப் போட்டிகளிலும் பார்வை மாற்றுத்திறனாளிகள் இவ்வாறே பங்கேற்கின்றனர். பார்வையிழந்த இந்தியரான திவ்யான்ஷு கணாத்ரா இமயமலைச் சாலைகளிலும் இவ்வகை வண்டியில் பயணம் செய்துள்ளார்.

கிராங்க் என்பது என்ன?

பெடலையும் வண்டியின் நடு அச்சையும் இணைக்கும் உலோகத் தண்டே கிராங்க் ஆகும். பெரியவர்களுக்கான வண்டிகளில் இதன் நீளம் பெரும்பாலும் 165 முதல் 175 மில்லிமீட்டர் வரை இருக்கும். கிராங்க் நீண்டால் பாதம் சுற்றும் வட்டம் பெரிதாகும். பெடல் மேலே வரும்போது முழங்கால் கூடுதலாக மடங்கும்.

இரட்டை மிதிவண்டியில் இது ஏன் முக்கியம்?

வழக்கமான இரட்டை மிதிவண்டியில் முன், பின் கிராங்குகளை ஒரே செயின் பிணைத்திருக்கும். முன்னவர் நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் பின்னவரும் 60 முறை மிதித்தே ஆக வேண்டும். முன்னவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னவரின் கால்களும் அந்நொடியே நிற்கும். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை பெரும்பாலும் முன்னவரிடமே இருப்பதால், பொருந்தாத அளவினால் விளையும் வலி பின்னவரையே, அதிலும் குட்டையானவரையே, முதலில் சேர்கிறது.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். ஒத்தக்கடை வழியாக மேலூர் செல்லும் சாலை போன்ற சமதளத்தில், மிதிக்காமல் உருண்டு செல்லும் இறக்கம் அரிது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் ஏறத்தாழ 3,600 முறை மடங்கி நீளும். சிறு பொருத்தமின்மையும் அத்தனை முறை திரும்ப நிகழும்.

முழங்காலில் நிகழ்வது என்ன?

முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையில் அழுத்தி மிதிக்கும்போது, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மீது கூடுதல் விசையுடன் அழுந்துகிறது. இது தொடர்ந்தால் முழங்காலின் முன்புறம் வலி தோன்றும். மூட்டுத் தேய்மானம் உடையோருக்கும் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்கும் இது மேலும் பொருந்தும்.

கிராங்க் நீளத்தை 30 மில்லிமீட்டர் குறைத்தால், இருக்கையை 30 மில்லிமீட்டர் உயர்த்தலாம். அப்போது பெடல் உச்சியில் இருக்கும் நிலையில், இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே 60 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும். முழங்கால் மடங்கும் அளவும் அதற்கேற்பக் குறையும்.

நீளம் குறைந்தால் வலிமை குறையுமா?

பலருக்கும் எழும் ஐயம் இது. ஜேம்ஸ் மார்ட்டின், வனீன் ஸ்பிர்டுசோ ஆகியோர் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 120 முதல் 220 மில்லிமீட்டர் வரையிலான ஐந்து நீளங்கள் ஒப்பிடப்பட்டன. உச்ச ஆற்றலில் காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. 145, 170 மில்லிமீட்டர் இரண்டும் நல்ல பயன் தந்தன. எனினும், குறுகிய கிராங்கில் அதே திருப்புவிசையைப் பெறக் கூடுதலாக அழுத்த நேரிடும். ஆகவே எளிய கியரில், சற்று விரைவாக மிதித்தல் நன்று.

அளவைத் தேர்ந்தெடுக்கும் முறை

1. காலணியின்றிச் சுவரையொட்டி நின்று, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே முட்டும்படி வையுங்கள். தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரையிலான உயரமே உட்கால் அளவு.

2. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடக்க மதிப்பீடாகக் கொள்ளுங்கள். உட்கால் அளவு 83 செ.மீ. உள்ள தந்தைக்கு 165 மில்லிமீட்டரும், 68 செ.மீ. உள்ள மகளுக்கு ஏறத்தாழ 135 முதல் 140 மில்லிமீட்டரும் பொருந்தும். இருவருக்கும் 170 எனப் பொருத்துவது தவறு.

3. இடைப்பட்ட அளவு கிடைக்காவிட்டால் குறைந்த நீளத்தையே தேர்ந்தெடுங்கள்.

4. பின்னர் இருக்கையைச் சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருக்கும்.

5. சிறுவர்களுக்கு, இருக்கும் கிராங்கின் மீதே பொருத்தும் குறுக்கும் இணைப்புகள் உள்ளன. கிராங்கில் பட்டறையில் புதுத் துளையிடுவதைத் தவிர்த்தல் வேண்டும். ஓட்டும்போது அது முறியக்கூடும்.

வலி சொல்லும் செய்தி

• முழங்காலின் முன்புறம் வலி: இருக்கை தாழ்ந்துள்ளது அல்லது கிராங்க் நீளமானது.
• முழங்காலின் பின்புறம் வலி: இருக்கை மிக உயர்ந்துள்ளது.
• இடுப்பு இருபுறமும் ஆடுதல்: இருக்கை உயரத்தையும் கிராங்க் நீளத்தையும் சரிபார்க்கவும்.

ஓட்டும்போது

புறப்படுதல், மிதிப்பதை நிறுத்துதல், பள்ளம், திருப்பம் ஆகியவற்றை முன்னவர் வாய்விட்டு அறிவித்தல் வேண்டும். பின்னவர் பார்வையற்றவராயின் இது கட்டாயம். பின்னவர் "மெதுவாக" என்றால் முன்னவர் உடனே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். முதல் இரு வாரங்கள் அரை மணி நேரத்திற்கு மேல் ஓட்ட வேண்டாம். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலையும் நண்பகல் வெயிலையும் தவிர்த்திடுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

மூட்டில் வீக்கம், கால் திடீரென மடங்கிவிடுதல், மூட்டு பூட்டிக்கொள்ளுதல், இரவில் வலி, காய்ச்சலுடன் சிவத்தல் ஆகியவை இருந்தாலோ, அளவுகளைச் சரிசெய்த பின்னும் இரு வாரங்களுக்கு மேல் வலி நீடித்தாலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையோ அணுகவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். பின்னிருக்கையில் இருப்பவர் வலியைச் சொல்லத் தயங்கலாம். பயணம் முடிந்ததும் முன்னவரே கேட்டறிதல் நன்று.