சேம அச்சும் ஊர்ப் போக்குவரத்தும்

புறநானூற்றின் 102ஆம் பாட்டு, அதியமான் நெடுமானஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. அதில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியொன்று உவமையாக வருகின்றது. பூட்டிய எருதுகள் இளையன. நுகத்தின் பழக்கம் அவற்றிற்கு இன்னும் உண்டாகவில்லை. ஏற்றிய பண்டமோ மிகுதி. போகும் வழியில் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்பதனை முன்னறிவார் எவருமில்லர். இதனை எண்ணிய உமணர், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டே புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி அத்தகையவன் என்பது ஔவையார் கருத்து.

உவமேயமாகிய இளவரசனைப் பற்றி நம் வகுப்பறைகளில் நிரம்பப் பேசுகின்றோம். உவமானமாகிய வண்டியினை அவ்வளவு நின்று நோக்குவதில்லை. அன்றைய போக்குவரத்தின் நடைமுறை அறிவொன்று அப்பாட்டில் பொதிந்து கிடக்கின்றது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நம் ஊர்களின் பேருந்துகள் நின்றுபோனமையையும், அதன்பின் அவை முன்போல் மீளாமையையும் விளங்கிக்கொள்ள அவ்வறிவு துணைசெய்யும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

முதற்கண் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நகரமைப்பு நூலார் இக்காலத்தில் போக்குவரத்துக்கு இரு பண்புகளை வேண்டுவர். ஒன்றனை நிலைபேறு என்றும், மற்றொன்றனை மீள்திறன் என்றும் தமிழில் வழங்குகின்றோம். இரண்டையும் இணைத்தே கூறிக்கூறி, இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் உண்டாகிவிட்டது. நாள்தோறும் சுமக்கும் சுமையால் சாலையும் காற்றும் மக்களின் கைப்பொருளும் தேய்ந்தொழியாமல் நீண்டநாள் நடைபெறும் தன்மை நிலைபேறு. எதிர்பாராத இடையூறு வந்து முறித்தவிடத்து மறுபடியும் எழுந்து ஓடும் தன்மை மீள்திறன். முன்னது அன்றாடத்தைப் பற்றியது. பின்னது என்றோ ஒருநாளைப் பற்றியது.

இவ்வேறுபாட்டை நம் இலக்கியத்திலேயே காணலாம். திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்து ஐந்தாம் குறள் (475) மயிற்பீலி ஏற்றிய வண்டியைக் கூறுகின்றது. பீலியினும் நொய்ய பொருள் வேறில்லை. ஆயினும் அளவிறந்து ஏற்றினால் அதுவும் அச்சினை முறிக்கும். எளியர் என்று பலரைப் பகைத்துக்கொள்வானைக் குறித்தது இது என்று பரிமேலழகர் விளக்குவர். வண்டியளவில் மட்டும் நோக்கின், நிலைபேற்றின் இலக்கணம் ஈண்டே அமைந்திருக்கின்றது. குறளின் அச்சு சுமையால் முறிவது. புறப்பாட்டின் அச்சு வழியின் விளைவால் முறிவது. முன்னதற்கு மருந்து சுமையை அளந்து ஏற்றுதல். பின்னதற்கு மருந்து வேறோர் அச்சு. ஒன்றன் மருந்து மற்றொன்றற்கு ஆகாது.

இனி, யான் நன்கறிந்த ஊரொன்றில் இவற்றை வைத்துக் காண்போம். தவளக்குப்பம், புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த சந்திப்பூர். கிழக்கே நல்லவாடு முதலிய கடற்கரை ஊர்களுக்கும், மேற்கே அபிஷேகப்பாக்கத்துக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. தெற்கே கிருமாம்பாக்கமும் கன்னியகோயிலும் கடந்தால் தமிழ்நாட்டெல்லை வந்துவிடும். பாகூர்ப் பக்கத்து மக்களுள் பலர் நகரத்துக்குச் செல்வதும் இவ்வழியாகவே. கலை அறிவியல் கல்லூரியொன்றும் இவ்வூரில் இருத்தலின், காலைப்பொழுதில் நகரை நோக்கிச் செல்வாரும் நகரினின்று வருவாரும் ஒரே சந்தியில் எதிரெதிரே நிற்பர். அவருள் நாள்தோறும் யானும் ஒருவன்.

இவ்வூரார் நகரத்தை அடைய இரண்டு நீர்நிலைகளைக் கடக்கவேண்டும். சங்கராபரணி ஆறு கடலை அணுகுமிடத்துச் சுண்ணாம்பாறு என்றும் அரியாங்குப்பத்தாறு என்றும் இரு கிளையாகப் பிரிகின்றது. நோணாங்குப்பத்தில் ஒரு பாலம். அரியாங்குப்பத்தில் ஒரு பாலம். புகைவண்டி இவ்வழியில் இல்லை. 1879இல் போடப்பட்ட புதுச்சேரி இருப்புப்பாதை வில்லியனூர் வழியாக விழுப்புரத்துக்கே செல்வது. புகைவண்டியில் கடலூர் செல்ல விரும்புவான் விழுப்புரம் சுற்றியே செல்லவேண்டும். ஆகவே தவளக்குப்பத்துக்கு அச்சு ஒன்றே. அது கடலூர்ச் சாலை. அச்சாலையில் ஓடுவது பேருந்து.

அவ்வச்சு 2020 மார்ச்சு 25ஆம் நாள் தொடங்கிய நாடடங்கில் நின்றது. பம்பாயில் 1896இல் தோன்றிய பிளேக்கின் பொருட்டு ஆங்கில அரசு 1897இல் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டமே இம்முறையும் முதலில் எடுத்தாளப்பட்டது. அன்று புகைவண்டி நிலையங்களில் பயணிகளை இறக்கி ஆராய்ந்தனர். இன்று பயணத்தையே நிறுத்தினர். தமிழ்நாட்டில் சூன் 1 முதல் பகுதியளவில் ஓடத் தொடங்கிய பேருந்துகள் சூலையில் மீண்டும் நின்றன. செப்டம்பர் 1இல் மாவட்டங்களுக்குள்ளும், 7இல் மாவட்டங்களுக்கிடையிலும் ஓடின. எல்லையைக் கடத்தற்கு இ-பாஸ் வேண்டியிருந்தது. கடலூரில் வேலையும் கன்னியகோயிலில் வீடுமாக இருந்தவர்க்கு, நேற்றுவரை சாலையாக இருந்தது ஒருநாளில் எல்லைக்கோடாயிற்று.

நோய் தணிந்ததும் எல்லாம் பழையபடி ஓடும் என்றே பலரும் எண்ணினர். அங்ஙனம் நிகழாமைக்குக் காரணம் பேருந்துத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கின்றது. புதுச்சேரி நகர்ப்பேருந்துகளுள் பெரும்பாலன தனியாருடையன. அவற்றின் டீசலும், ஓட்டுநர் நடத்துநர் கூலியும் அன்றன்றைய வசூலினின்றே கொடுக்கப்படுவன. இருக்கைகளில் ஒரு பகுதியே நிரப்பலாம் என்னும் விதி வந்தபோது செலவு குறையவில்லை, வரவு குறைந்தது. நடை குறைந்தது. நடை குறையவே, காத்திருக்க இயலாதவர் கடன்பட்டேனும் இருசக்கர வண்டி வாங்கினர். அவர் விலகவே வசூல் மேலும் குறைந்தது. நோய் அகன்றபின்னும் இச்சுழல் தானே சுழன்றது. நிற்பவர் எவர் என்று நோக்கின் உண்மை விளங்கும்: கல்லூரி மாணவியர், முதியோர், மீன்கூடை சுமந்த மகளிர், கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறிச் செல்லும் நோயாளிகள். வண்டி வாங்க வல்லவர் விலகிவிட்ட வரிசையில், வாங்க இயலாதவரே எஞ்சினர்.

இருசக்கர வண்டி பெருந்தொற்றுக் காலத்தின் சேம அச்சாக உதவியது என்பதனை மறுத்தற்கில்லை. மருந்து வாங்கவும், பெற்றோரைப் பார்த்துவரவும் அதுவே துணையாயிற்று. ஆனால் சேம அச்சினையே நாள்தோறும் பூட்டி ஓட்டினால் பின்னர்ச் சேமமாக இருப்பது யாது? குறள் கூறிய பீலியின் கதையும் இங்கேதான் வருகின்றது. ஓர் இருசக்கர வண்டி நொய்யது, சாலையில் சிறிதிடமே கொள்வது, செலவும் சிறிது. ஐம்பதின்மர் அமரும் பேருந்தொன்றனுக்கு மாற்றாக முப்பது, நாற்பது வண்டிகள் ஒரே வேளையில் அரியாங்குப்பத்துப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டால், பாலம் அதே அகலத்தில்தான் இருக்கின்றது. பீலி பீலியாக ஏற்றிய சுமையை எவரும் சுமையென்று உணர்வதில்லை. காலை ஒன்பது மணிக்கு அவ்விடத்தில் நிற்பவர் உணர்வர்.

பேருந்தே நோயைப் பரப்பும் என்னும் அச்சமும் மக்கள் விலகியமைக்குக் காரணம். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. 2020 சனவரியில் சீனத்தின் செசியாங் மாநிலத்தில், பௌத்த வழிபாடொன்றற்குச் சென்ற பேருந்தில் நோயாளி ஒருவர் உட்பட 68 பேர் இருந்தனர். வண்டியினுள் இருந்த காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றும் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவருள் 24 பேருக்கு நோய் காணப்பட்டது. நோயாளியின் அருகில் இருந்தவர்க்கும் தொலைவில் இருந்தவர்க்கும் பெரிய வேறுபாடு இல்லை. திறக்கத்தக்க சன்னலின் அருகில் அமர்ந்தவர் பெரும்பாலும் தப்பினர். ஆகவே தீங்கு பேருந்தினது அன்று, அடைபட்ட காற்றினது. இருபுறமும் திறந்த சன்னல்களோடு கடற்காற்றில் ஓடும் நம் சாதாரணப் பேருந்தினைப் பழைமை என்று இகழ்ந்து, அடைத்த வண்டியே முன்னேற்றம் என்று கருதுவார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். குளிர்ந்த பேருந்து வேண்டாமென்பது என் கருத்தன்று. வேண்டும்போது திறக்கத்தக்க சன்னல் அதிலும் இருக்கவேண்டும் என்பதே.

பிறநாடுகள் வேறு வகையிலும் சேம அச்சினைத் தேடின. கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டா 2020இல் பெருஞ்சாலைகளின் ஒரு பகுதியைப் பிரித்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அளவுக்கு மிதிவண்டித் தடங்களை அமைத்தது. புதுச்சேரி ஒருகாலத்தில் மிதிவண்டி நகரமே. அதற்கும் முன் பிரெஞ்சுக்காரர் காலத்தில், ஆள் தள்ளிச் செல்லும் புஷ்புஷ் வண்டி அங்கு வழங்கியது. (அதனை மீட்கவேண்டும் என்று எவரும் விரும்பார், மனிதன் மனிதனைத் தள்ளிய காலம் போனது நன்றே.) ஆனால் தவளக்குப்பத்திலிருந்து மிதிவண்டியில் செல்லும் மாணவனுக்குக் கடலூர்ச் சாலையில் ஒரு முழ அகலமேனும் தனித்தடம் இல்லை. பேருந்தும் சரக்கு வண்டியும் உரசிச் செல்லும் ஓரத்தில் அவன் செல்கின்றான்.

தமிழ்நாடு 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப்பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல வழிசெய்தது. இது மகளிர் நலத்திட்டம் என்றே பேசப்படுகின்றது. போக்குவரத்து நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. அக்கட்டணத்தை அரசு கழகங்களுக்கு ஈடுசெய்தலின், அந்த அளவுக்குப் பேருந்தின் நடை அன்றைய வசூலைச் சார்ந்திராது. ஓடிய தொலைவுக்கு இவ்வளவு என்று வண்டியுடையார்க்குப் பணம் கொடுத்து, கட்டண வரவை நகரமே ஏற்கும் முறை இலண்டனில் உண்டு; இந்திய நகரங்கள் சிலவும் மின்பேருந்துகளை அவ்வாறு ஓட்டுகின்றன. புதுச்சேரியின் தனியார் பேருந்துகளையும் இம்முறைக்குள் கொணர்ந்தால், இருக்கை பாதி நிரம்பினும் வண்டி ஓடும். இதற்கு அரசின் பொருள் செலவாகும் என்பர். ஆகும். உமணரும் இரண்டாம் அச்சுக்கு மரம் வாங்கியே செய்திருப்பர். அதனைச் சுமந்த தொலைவில் அவ்வெடைக்கு உப்பு ஏற்றியிருந்தால் சிறிது ஊதியமும் கிடைத்திருக்கும்.

முறிவு நோயால் மட்டும் வருவதன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்தது. அடுத்த நாள்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. நோய்க்கு மக்கள் அஞ்சிய ஆண்டில் இருசக்கர வண்டி உதவிற்று. வெள்ளம் வந்த நாளில் அதுவும் உதவவில்லை. அந்நாளில் உதவத்தக்கது வேறு வழி. மேற்கே அபிஷேகப்பாக்கத்தின் வழியாக வில்லியனூர் சென்று, அங்கிருந்து நகரை அடையும் சுற்றுவழி ஒன்றுண்டு. தொலைவு மிகுதி; சாலை குறுகியது. கடலூர்ச் சாலையைப் போலவே அதனையும் பேருந்து செல்லும் தரத்தில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் சில நடையேனும் அதன்வழி ஓடச்செய்தல் வேண்டும். ஓட்டுநர்க்கும் பயணிகளுக்கும் பழக்கமில்லாத வழி இடையூற்று நாளில் வழியாகாது. இளைய எருதுக்கு நுகம் போன்றதே அது. வில்லியனூரில் புகைவண்டி நிலையமும் உண்டு என்பதனைத் திட்டமிடுவார் மறத்தலாகாது.

எல்லையைப் பற்றிய செய்தி ஒன்றே எஞ்சியுள்ளது. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பன்று. தமிழ்நாட்டு ஊர்களிடையே துண்டுதுண்டாகச் சிதறிக் கிடப்பது. 2020இல் எல்லை அடைக்கப்பட்டபோது எவர் கடக்கலாம், எந்தப் பேருந்து எதுவரை செல்லலாம் என்பவை அடைத்தபின்னரே ஒவ்வொன்றாக முடிவு செய்யப்பட்டன. நோயாளி, மருத்துவப் பணியாளர், நாட்கூலிக்குச் செல்வார் ஆகியோர்க்கு எத்தகைய அடைப்பிலும் ஓடவேண்டிய பேருந்து எத்தனை, அவை எவ்வெவ்விடத்து நிற்கும் என்று கடலூர் மாவட்ட ஆட்சியும் புதுச்சேரி அரசும் அமைதிக் காலத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளலாம். அவ்வோலையில் தவளக்குப்பத்துச் சந்தியும் ஒரு நிறுத்தமாக இருக்கட்டும்.