படகுச் சுழலியின் புரியிடைத் தூரம்

மரத்திலே திருகாணியொன்றை முடுக்கும்போது, அது சுற்றுந்தோறும் ஒரே அளவாக உட்செல்வதை யாவரும் அறிவர். ஒரு முழுச்சுற்றில் அது முன்னேறும் தூரமே அதன் புரியிடைத் தூரம் எனப்படும். படகின் பின்புறத்தே நீரினுட் சுழலும் புறொப்பெல்லரும் இத்திருகாணியின் இனத்ததே. மரத்தின் இடத்தில் நீரும், புரியின் இடத்திற் சரிந்த இதழ்களும் அங்கு அமைந்துள்ளன.

1836ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிரான்சிஸ் பெற்றிற் சிமித் என்பார் இத்தகைய சுழலியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் முதலில் அமைத்தது இரண்டு முழுச்சுற்றுக் கொண்ட நீண்டதொரு மரத்திருகாகும். 1837இல் பாடிங்ரன் கால்வாயில் நிகழ்ந்த சோதனையின்போது அத்திருகின் ஒரு பாதி முறிந்து வீழ்ந்தது. படகோ முன்னையினும் விரைந்து சென்றது. திருகு பெரிதாயின் வேகமும் பெரிதாகும் என்னும் எண்ணம் அன்றே பொய்த்தது. எனினும், பழுதுற்ற சுழலிக்குப் பதிலாகப் புதியதொன்று வாங்குவோரிடையே அவ்வெண்ணம் வேறு வடிவில் இன்றும் நிலவுகின்றது.

சுழலியின் குடத்திலோ இதழிலோ 10 × 12 என்பதுபோல் ஈரெண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னது விட்டம், பின்னது புரியிடைத் தூரம். இரண்டும் பெரும்பாலும் அங்குலக் கணக்கின. நீர் மரம்போல் நெகிழாதிருக்குமாயின் இச்சுழலி ஒரு சுற்றில் 12 அங்குலம், அஃதாவது ஓரடி, முன்செல்லும் என்பதே 12 என்னும் எண்ணின் பொருள்.

இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றுகின்றது எனவும், பற்சக்கரங்கள் அதனைப் பாதியாகக் குறைக்கின்றன எனவும் கொள்க. சுழலி 2,500 முறை சுற்றி, நிமிடத்துக்கு 2,500 அடி செல்லல் வேண்டும். இது மணிக்கு ஏறக்குறைய 28 மைல் ஆகும். நீர் நெகிழ்ந்து பின்செல்லும் இயல்பினதாதலின் படகு அத்துணைத் தூரம் செல்வதில்லை. இக்குறைவு வழுக்கல் எனப்படும். வழுக்கல் ஐந்திலொரு பங்காயின் எஞ்சுவது ஏறக்குறைய 23 மைலே. வழுக்கலை முற்றாக நீக்குதலும் இயலாது. நீரைப் பின்தள்ளுதலினாலேயே படகு முன்செல்லுகின்றது.

இக்கணக்கைக் கண்டவர், 12 அங்குலச் சுழலியை நீக்கி 14 அங்குலச் சுழலியைப் பூட்டினால் வேகம் ஆறிலொரு பங்கு கூடும் எனக் கருதுதல் இயல்பே. சுற்றுகள் குறையாதிருக்கும் எனக் கொண்டதே அக்கருத்தின் பிழை. பெரிய முற்பற்சக்கரம் பூட்டிய துவிச்சக்கர வண்டி ஒரு மிதிக்கு நெடுந்தூரம் செல்லும். ஆயினும் மேட்டில் ஏறும்போது மிதிப்பவன் கால் ஓய்ந்துவிடும். இயந்திரத்தின் நிலையும் அத்தகையதே. புரியிடைத் தூரம் ஓரங்குலம் கூடின் இயந்திரத்தின் உச்சச் சுற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 வரை குறையும்; ஓரங்குலம் குறையின் ஏறக்குறைய அவ்வளவே கூடும்.

ஆகவே, தெரிவுக்கு அளவுகோலாவது இயந்திரத்தின் சுற்றேயாம். வேகக் கைபிடியை முற்றத் திறந்தவிடத்து இயந்திரம் எவ்வெல்லைக்குட் சுற்றல் வேண்டுமென்பது அதன் கைந்நூலிற் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லை 5,000 முதல் 6,000 வரை எனக் கொள்க. முழுவேகத்திற் செல்லும்போது சுற்றுமானி 4,700 மட்டுமே காட்டினால், 2 அங்குலம் குறைந்த சுழலி அக்குறையை ஈடுசெய்யும். 6,300 காட்டினால் 2 அங்குலம் கூடியது வேண்டும்.

எல்லையை எட்டாத இயந்திரத்தின் ஒலி தாழ்ந்திருத்தலால், அது இளைப்பாறுகின்றது என மயங்குவோர் உளர். உண்மையில் அது திணறுகின்றது. எரிபொருள் செவ்வனே எரியாது கரி படியும், வெப்பம் மிகும், முசலமும் தாங்கிகளும் பழுதுறும். எல்லையைக் கடந்து சுற்றும் இயந்திரமோ தன் உறுப்புக்களைத் தானே தேய்த்துக் கொள்ளும்.

இச்சோதனை வழமையான சுமையோடு செய்யப்படல் இன்றியமையாதது. இலங்கைக் கரையோரத்து மீன்பிடிப் படகு வலையும் எரிபொருளும் பனிக்கட்டியும் ஏற்றிப் புறப்பட்டு, மீன் நிறைந்தால் மேலும் தாழ்ந்து திரும்புகின்றது. வெறும்படகிற் பொருந்திய சுழலி, பாரமேறிய படகு எதிர்காற்றிற் கரைசேர வேண்டிய வேளையில் இயந்திரத்தைத் திணறச் செய்யும். பாரப் படகுக்குச் சிறிய புரியிடைத் தூரமும், இலேசான விரைவுப் படகுக்குப் பெரியதும் ஏற்றனவாதற்குக் காரணம் இதுவே.

புதியது வாங்குமுன் நோக்கற்பாலன வேறுஞ் சிலவுள. அடித்தளத்திற் பாசியும் சிப்பியும் படிந்திருப்பினும், பழைய இதழ் வளைந்திருப்பினும் சுற்றுகள் குறையக்கூடும். அவற்றைச் சீர்செய்த பின்னரே கணக்கிடல் வேண்டும். விட்டம் ஓரங்குலம் கூடுதல், புரியிடைத் தூரம் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலை ஒத்த சுமையை இயந்திரத்தின்மேல் ஏற்றுமாதலின், இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் தகாது. பின்னின்று நோக்குமிடத்துப் பழையது வலஞ்சுழியோ இடஞ்சுழியோ என்பதையும் அறிந்து, அவ்வாறே புதியதையும் கொள்ளல் வேண்டும்.

சுழலியின் எண், விரும்பிய வேகத்தைத் தரும் எண்ணன்று. இயந்திரத்தின் வலிமையையும் படகின் சுமையையும் ஒன்றோடொன்று பொருத்துவதே அதன் தொழிலாகும். அப்பொருத்தம் அமைந்தவிடத்து எரிபொருளும் மிஞ்சும். இயந்திரமும் நெடிது உழைக்கும். கடலிற் சென்றார் கரை திரும்புதற்கு வேண்டிய வலுவும் குறையாதிருக்கும்.