சூரியன் சீறினால் எங்கள் வீட்டு விளக்கு என்னாகும்?

2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி இரவு நியூ ஜேர்சி வானம் சிவந்தது. நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் பலர் கீழே இறங்கி, வாகனத் தரிப்பிடத்தில் நின்று ரெலிபோனில் படம் பிடித்தார்கள். அயல் வீட்டு அம்மம்மா மட்டும் இறங்கவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் மோனை எரியுது?" என்று கேட்டார். சிவந்த வானத்துக்கு அவர் அறிந்த பொருள் அது ஒன்றுதான்.

அன்று எதுவும் எரியவில்லை. வட துருவத்தை அண்டிய நாடுகளில் வழமையாகத் தெரியும் துருவ ஒளி, சூரியப் புயல் ஒன்றினால் எங்கள் பக்கம் வரை இறங்கி வந்திருந்தது. அதே ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி அடித்த புயல் இதைவிடப் பெரியது. இருபது ஆண்டுகளில் அப்படி ஒன்று வந்ததில்லை. செய்மதி வழிகாட்டலில் ஓடும் உழவு இயந்திரங்கள் திசை தடுமாறியதால் அமெரிக்க விவசாயிகள் சிலர் விதைப்பை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

சூரியன் சில வேளைகளில் மின்னேற்றம் கொண்ட வாயுவைப் பெரும் முகிலாகக் கக்கிவிடும். ஒன்று முதல் மூன்று நாட்களில் அது பூமியை வந்தடையும். வந்து மோதும்போது பூமியின் காந்தப்புலம் ஆட்டம் காண்கிறது. அந்த ஆட்டம் நீண்ட கம்பிகளில் மின்னோட்டத்தை உண்டாக்கும். எங்கள் உடலுக்கோ கைக்கடிகாரத்துக்கோ இதனால் தீங்கில்லை. நூற்றுக்கணக்கான மைல் ஓடும் உயர் அழுத்தக் கம்பிகளுக்கும், அவற்றின் முனையில் நிற்கும் ரான்ஸ்போமர்களுக்கும்தான் ஆபத்து.

1859ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வந்ததே நாம் அறிந்த புயல்களில் மிகப் பெரியதாகக் கருதப்படுகிறது. பம்பாய் கொலாபா ஆய்வுகூடத்துக் காந்தமானிகள்கூட அதைப் பதிவு செய்தன. அந்நாளில் நீண்ட கம்பி என்றால் தந்திக் கம்பி மட்டுமே. தந்தி தடைப்பட்டது, அவ்வளவுதான்.

1989இல் நிலைமை வேறு. மார்ச் 13ஆம் திகதி அதிகாலை 2 மணி 44 நிமிடத்துக்கு கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்வலையமைப்பு ஆட்டம் காணத் தொடங்கியது. ஒன்றரை நிமிடத்துக்குள் முழு மாகாணமும் இருண்டது. 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். மொன்றியலில் அப்போது எம்மவரும் குடியேறி இருந்தார்கள். குளிர் காலம் முடியாத மார்ச் மாதம் அது. அதே புயல் எங்கள் மாநிலத்தையும் விடவில்லை. தெற்கு நியூ ஜேர்சியில், டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய ரான்ஸ்போமர் ஒன்று உள்ளே சூடேறிப் பழுதாயிற்று. இந்தப் பொருள் கடையில் கிடைப்பதல்ல. ஒவ்வொன்றும் அந்தந்த நிலையத்துக்கென்று செய்விக்கப்படுவது. புதிதாகச் செய்விப்பதென்றால் ஓராண்டுக்கு மேலாகும். கட்டி முடிக்காமல் கைவிட்ட இன்னொரு அணு நிலையத்தில் பொருத்தமான ஒன்று சும்மா கிடந்தபடியால் தப்பினார்கள். ஒரே நாளில் இருபது, முப்பது பழுதானால் இருபது, முப்பது எங்கே கிடக்கும்?

இதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1859 போன்ற புயல் இன்று வந்தால் முழுதாக மீள நான்கு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம் என்று அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் அறிக்கை கூறியது. ரான்ஸ்போமர்கள் பெருந்தொகையாக எரிவதைவிட, வலையமைப்பு குலைந்து மின்சாரம் நிற்பதே கூடுதலாக எதிர்பார்க்கத்தக்கது என்று 2012இல் மின்துறையினரின் அறிக்கை கூறியது. உலகம் அழியப் போகிறது என்று தலைப்புப் போடுவோரை நாம் நம்பத் தேவையில்லை. ஆனால் சில நாள் இருட்டு வரக்கூடியதே.

இருட்டு எமக்குப் புதிதா என்று சிலர் கேட்கக்கூடும். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஆண்டுக் கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்தார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். வன்னியிலும் அதே கதைதான். ஆனால் அங்கே வளவில் கிணறு இருந்தது, அடுப்புக்கு விறகு இருந்தது, போய்வரச் சைக்கிள் இருந்தது. இங்கே உயர்ந்த தொடர்மாடிகளில் தண்ணீரை மேலே ஏற்றுவதே மின்சாரம். பணம் ஒரு அட்டைக்குள் இருக்கிறது. 2012 ஒக்ரோபரில் சான்டிப் புயல் அடித்தபோது நியூ ஜேர்சியில் இது கண்கூடாகத் தெரிந்தது. நிலத்தடித் தொட்டியில் பெற்றோல் இருந்தும், பம்புக்குக் கரன்ற் இல்லாமல் பல நிலையங்கள் மூடிக் கிடந்தன. 12 மாவட்டங்களில் வாகன இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, நாள் மாறி நாள் பெற்றோல் கொடுத்தார்கள்.

சூரியப் புயலில் ஒரு நன்மை, அது சொல்லிக்கொண்டு வருவதுதான். கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள அரச நிலையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் காவல் நிற்கும் விண்கலங்களில் இந்தியாவின் ஆதித்யா எல்-1ம் ஒன்று. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்ற தமிழ்ப் பெண்மணி.

ஆகவே ஜி-4, ஜி-5 என்ற எச்சரிக்கை வந்தால் பயந்தோடத் தேவையில்லை. குளியல் தொட்டியை நிரப்புங்கள், குடிநீரை வேறாக எடுத்து வையுங்கள். காரில் பெற்றோலும் கையில் சில்லறைப் பணமும் இருக்கட்டும். ரோர்ச் லைற்றுக்கும் சிறு வானொலிக்கும் பற்றரி வாங்கி வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் குளிர்சாதனப் பெட்டி நின்றால் என்ன செய்வது என்று இப்போதே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: கரி அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள் இயக்காதீர்கள். ஊரில் குசினி திறந்து கிடந்தது, புகை போய்விடும். இங்கே யன்னல் அடைத்த வீட்டில் மணமில்லாத நச்சு வாயு நித்திரையிலேயே கொன்றுவிடும். சான்டியின்போதும், 2021 பெப்ரவரியில் ரெக்சஸ் மாநிலம் இருண்டபோதும் அப்படிப் பலர் இறந்தார்கள்.

ரெலிபோன் இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வையுங்கள். இப்போது பெற்ற பிள்ளையின் இலக்கம்கூட எங்களில் பலருக்கு மனப்பாடமில்லை. அந்த அம்மம்மா மகனின் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதுவித்து, அரிசி வாளியின் மூடிக்கு உட்புறமாக ஒட்டி வைத்திருக்கிறார்.