கடலில் காற்றாலை நடுவதற்கு முன்

மன்னார் வளைகுடாவில் காற்று பலமாக வீசும் என்பதை மீனவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். மின் உற்பத்திக்கு அந்த அறிவோடு துல்லியமான அளவும் வேண்டும். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றைவிட 10 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் உண்டு. வேகக் கணிப்பு சற்றே பிசகினாலும் உற்பத்திக் கணக்கு பெரிதாகப் பிசகிவிடும்.

இதற்காகத்தான் 2013-இல் தனுஷ்கோடியில் 100 மீட்டர் உயர அளவீட்டுக் கோபுரம் எழுந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களை மட்டும் அளந்தால் எந்த இடமும் உண்மையைவிட வளமாகத் தோன்றும். ஆண்டு முழுவதும் அளப்பதே முறை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 2017-இல் கடலுக்குள்ளேயே லைடார் கருவி நிறுவப்பட்டது. அது லேசர் ஒளியை மேலே செலுத்தும். காற்றோடு நகரும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து வேகத்தைக் கணிக்கும்.

முன்வரிசைக் காற்றாலை காற்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வதால் பின்வரிசைக்குக் குறைவாகவே கிடைக்கும். உற்பத்திக் கணக்கில் இந்த இழப்பையும் கழிக்க வேண்டும்.

கடலின் ஆழம், அடித்தரை, கப்பல் வழி ஆகியவையும் கணக்கில் சேரும். மன்னார் வளைகுடாவில் இன்னொன்றும் உண்டு: 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா, அதன் பவளப்பாறைகள், கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள். இவற்றையும் மீன்பிடிப் பரப்புகளையும் காற்றை அளக்கும் அதே கண்டிப்போடு அளந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க ஒன்றிய அரசு 2024-இல் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.