கோபக்கார வாடிக்கையாளராக ஒரு சனிக்கிழமை

எனக்குத் தொழிலே பேசுவதுதான். ஆனால் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை, சம்பளம் இல்லாமல் திட்டிக்கொண்டே இருந்தேன். என்னிடம் திட்டு வாங்கியவர்கள் 23 பேர். எல்லாரும் வேலை தேடி வந்தவர்கள்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஊடகத் துறை படித்த தோழி ஒருத்தி, இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கால் சென்டரில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். ஆறு இடம் காலி. நேர்காணலுக்கு முன்பு ஒவ்வொருவரும் ஒரு போலி அழைப்பை எடுத்துப் பேசிக் காட்ட வேண்டும். “கோபக்கார வாடிக்கையாளரா நீ பேசு. குரலைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே, அப்படியே புள்ளியும் போட்டுடு” என்றாள். பக்கத்து அறையில் ஒரு தொலைபேசியோடு என்னை உட்கார வைத்தார்கள். யார் முகமும் தெரியாது. வானொலிக்காரிக்குப் பழகிப்போன நிலைமைதான்.

என் கதை இது. வீட்டில் மூன்று நாளாக இணையம் இல்லை. பணம் கட்டியாயிற்று. ஏற்கெனவே இரண்டு முறை அழைத்துவிட்டேன்; இரண்டு முறையும் வேறு வேறு ஆள், முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். மலாயில் தொடங்கி, ஆங்கிலத்துக்குத் தாவி, எதிரில் இருப்பவர் தமிழர் என்றால் கடைசியில் தமிழில் கொட்ட வேண்டும். நம் வீடுகளில் கோபம் வந்தால் இப்படித்தானே மொழி மாறுகிறது? பெரிதாக நடிக்கத் தேவைப்படவில்லை.

முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர், நான் வாயைத் திறந்த பத்து வினாடிக்குள் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு தம்பி ஒரே நிமிடத்தில் நான்கு முறை கேட்டார். என் கணக்கு எண்ணை மட்டும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இன்னொருவர், “உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது” என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். எது புரிந்தது என்று திருப்பிக் கேட்டேன். அமைதி.

அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இந்தத் தொழிலே கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. 80 விழுக்காடு அழைப்புகளை 20 வினாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கக் கால் சென்டர்களில் புழங்கும் ஒரு பழைய கணக்கு. எடுத்த பிறகு ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதும் பதிவாகும். சீக்கிரம் முடித்துவிட்டால் அன்றைய கணக்கு அழகாகத் தெரியும். ஆனால் பிரச்சினை தீராத வாடிக்கையாளர் நாளைக்கு மறுபடியும் அழைப்பார், என் கதையில் வருகிறவளைப் போல.

பதினொன்றாவதாக வந்த இளைஞரின் குரல், அப்பப்பா! நாளைக்கே காலை நிகழ்ச்சிக்கு உட்கார வைக்கலாம். பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அவருக்கு அடுத்து ஒரு பெண். தாழ்ந்த குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி. ஆங்கிலத்தில் தடுமாறினார். அரை நிமிடத்திலேயே நான்கு என்று எழுதிவிட்டேன், அதுவும் பேனாவில்.

நான் கத்தி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, “அக்கா, நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன், சரியான்னு பாருங்க” என்று தேதி, கட்டிய பணம், முந்தைய இரண்டு அழைப்புகள் எல்லாவற்றையும் வரிசையாகத் திருப்பிச் சொன்னார். மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்டார். இன்றைக்கே ஆள் வருவாரா என்று மிரட்டினேன். “வருவாங்கன்னு இப்ப என்னால சொல்ல முடியாதுக்கா. கேட்டுட்டு நாலு மணிக்குள்ள நானே உங்களைக் கூப்பிடுறேன்” என்றார்.

என் தாளில் இன்னும் இரண்டு திட்டு பாக்கி இருந்தது. எதற்குத் திட்டுவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

அவருடைய நேர்காணலைப் பார்க்க எழுந்து போனேன். காப்பாரிலிருந்து வந்தவர், எஸ்பிஎம் முடித்தவர். வாடிக்கையாளர் சேவையில் அனுபவம் உண்டா என்று தோழி கேட்டாள். “இல்லை மிஸ்.” தோழி தாளைப் புரட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படித் திருப்பிச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாய் என்று நடுவில் புகுந்து கேட்டேன்.

பாட்டிக்குக் காது மந்தமாம். அரசாங்க கிளினிக்குக்கு இவர்தான் கூட்டிப் போவார். டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்லிவிட்டு, எந்த மாத்திரை எத்தனை வேளை என்று பாட்டியைத் திருப்பிச் சொல்ல வைப்பாராம். வார இறுதியில் பாசார் மாலாமில் அத்தையின் வடைக் கடை. காசு கொடுத்துவிட்டேன் என்று சாதிக்கிறவர்களையும் அங்கே பார்த்தாயிற்று. இதெல்லாம் அனுபவக் கணக்கில் வரும் என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை.

அன்று வந்த நம் பிள்ளைகள் பலரிடமும் இதைக் கண்டேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் பெயர், வயது, “வீட்டில் மூன்றாவது பிள்ளை” என்று நிறுத்திவிடுகிறார்கள். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்றிருப்பார்கள், கோயில் அன்னதான வரிசையைச் சமாளித்திருப்பார்கள். அங்கே சண்டைக்கு வந்த ஒருவரை எப்படி அடக்கினோம் என்று இரண்டு நிமிடம் சொன்னால் போதுமே! கேட்கிறவர்கள் கேட்பதும் அதைத்தான்.

சம்பளப் பேச்சு வந்தாலும் இதே கூச்சம். “கம்பெனி கொடுக்கிறதை வாங்கிக்கிறேன்” என்று ஐந்தாறு பேர் சொன்னார்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது அடிப்படைச் சம்பளம், அலவன்ஸைக் கூட்டிக் காட்டுகிற தொகை அல்ல. வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம். இரவு ஷிப்ட் உண்டா, எல்ஆர்டி நின்ற பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்பதில் தப்பே இல்லை. அப்படிக் கேட்டவர் ஒரே ஒருவர், கிள்ளானிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளின் தாய். குழுவில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

மாலையில் புள்ளிகளைக் கூட்டினால் காப்பார் பெண் ஒன்பதாவது இடம். கீழே இழுத்தது ஆங்கிலமும் என் நான்கும்தான். அரை நிமிடத்தில் போட்ட புள்ளி அது என்று குழுவிடம் ஒப்புக்கொண்டேன். “குரல்தானே உன் துறை?” என்று கிண்டல் செய்தாள் தோழி. பிறகு பதிவு செய்திருந்த அழைப்பை எல்லாருமாக மறுபடி கேட்டோம். என் ஒன்பது புள்ளி இளைஞருடையதையும் கேட்டோம். “இன்று மாலைக்குள் கட்டாயம் சரியாகிவிடும்” என்று தேன் மாதிரிச் சொல்லியிருந்தார். யாரைக் கேட்டுச் சொன்னாரோ! ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் எழுத வேண்டியிருக்குமே என்று குழுவில் ஒருவர் தயங்கினார். அது நியாயமான தயக்கம்தான். அரை மணி நேரம் பேசினார்கள்.

புதன்கிழமை தோழி அழைத்தாள். மூன்று மாதத் தகுதிகாண் காலத்தோடு காப்பார் பெண்ணுக்கு வேலை உறுதி. செய்தியைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அழுகிறாரோ என்று இவள் பயந்துபோனாள்.

“திங்கட்கிழமை, காலை எட்டரை மணி, ஏழாவது மாடி, அடையாள அட்டையும் எஸ்பிஎம் சான்றிதழும் கொண்டு வரணும். எழுதிக்கிட்டேன், சரிங்களா மிஸ்?”