கியர்ப் பெட்டியின் இரகசியம்

மோட்டார் வண்டியில் எல்லாருக்கும் தெரிந்த உறுப்பு ஊதுகுழல். எவரும் கண்ணால் காணாத உறுப்பு கியர்ப் பெட்டி. மூடியைத் தூக்கினால் எஞ்சினின் முகத்தைப் பார்த்துவிடலாம். சக்கரத்தைச் சிறு குழந்தைகூடத் தொட்டுப் பார்க்கும். கியர்ப் பெட்டியோ வண்டியின் நடு வயிற்றில், உலோகக் கவசத்துக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. அது செவ்வையாக வேலை செய்யும் வரையில் அதை ஒருவரும் நினைப்பதில்லை. கெட்டுப் போன பிறகோ, அதைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடிவதில்லை!

இத்தகைய பெட்டி ஒன்றை, அதற்கு முன் ஒருநாளும் அத்தொழிலில் கை வைத்தறியாத ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டிய வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். யாழ்ப்பாணத்தில் உபாத்தியாயராக இருக்கும் நம் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்தது இது. அவ்வப்போது கூட இருந்து விளக்குப் பிடிக்கும் பாக்கியம் நமக்கும் கிட்டியது.

வண்டி, 1959 ஆம் வருஷத்து மொறிஸ் மைனர். இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணர் வகுத்த இந்த வண்டி, 1948 இல் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார்களுள் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவேயாகும். உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். இலங்கையில் உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் வைத்தியர்களும் விரும்பி வாங்கிய வண்டி இது. உற்பத்தி நின்று பல ஆண்டுகளான பிறகு, இதற்குரிய தகட்டு உறுப்புகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

யாழ்ப்பாணத்தில் இப்பழைய வண்டிகளுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1990 க்குப் பிந்திய யுத்த காலத்தில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போயிற்று. அப்போது இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை இவை. நம் நண்பரின் வண்டியும் அந்தத் தொண்டு செய்ததுதான்.

வந்த சங்கடம்

அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் முனகத் தொடங்கிற்று. முதலில் முனகல், பிறகு உறுமல், பிறகு இரண்டாவது கியரில் போட்டால் தானாகவே கழன்று வெளியே துள்ளும் பிடிவாதம். ஒரு தொழிற்சாலையில் காட்டினார்கள். "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்று சொல்லி, நண்பரின் பல மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். வேறு வண்டி வாங்கலாம் என்றாலோ, 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் ஏறிய விலை, 2025 இல் மீண்டும் அனுமதி வந்த பிறகும் உபாத்தியாயர் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை படலையடியில் வந்து நின்று நலம் விசாரித்துப் போனார்.

வீட்டில் எண்பத்து மூன்று வயதுத் தாயார் இருக்கிறார். முச்சக்கர வண்டியின் குலுக்கல் அவருடைய முதுகெலும்புக்கு ஆகாது. மாதந்தோறும் வைத்தியரிடம் போக அவருக்கு இருந்த ஒரே வழி இந்த வண்டி. ஆகவே இது பழம்பொருள் மோகமன்று, குடும்பத்தின் தேவை. நண்பரின் மனைவியார் ஒரு தவணையும் விதித்து விட்டார்.

"இஞ்சாருங்கோ, தைப்பொங்கலுக்கு முன்னம் இது முத்தத்தை விட்டு ஓடவேணும். இல்லாட்டி இரும்புக்காரரிட்டைக் குடுத்திட்டு, வாற காசிலை அம்மாவுக்கு வேறை வழி பாப்பம்."

இந்நிலையில்தான் நண்பர், அவ்வண்டியை நாற்பது வருஷம் பராமரித்த பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போனார். பெரியவருக்குக் கை நடுங்குகிறது; சாவி பிடிக்க முடியாது. ஆனால் காது மாத்திரம் அப்படியே இருக்கிறது. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு மைல் தூரம் போய் வந்தார்.

"தம்பி, நாலாவது கியரிலை ஓடேக்கை சத்தம் நிக்குதோ?"

"ஓம் ஐயா, நிக்குது."

"அப்ப பெட்டி முழுக்கப் பிழையில்லை. கீழைத் தண்டைப் பாரும்."

நான்காவது கியர் சொன்ன சாட்சி

பெரியவர் சொன்னது ஜோசியமன்று, முற்றிலும் தர்க்கமே. அதை விளங்கிக்கொண்டால் கியர்ப் பெட்டியின் இரகசியமே விளங்கி விடும்.

எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் அதற்குப் பலம் வருகிறது. நின்ற வண்டியை நகர்த்தவோ மேட்டில் ஏற்றவோ வேண்டுமானால், எஞ்சின் பல தடவை சுற்றச் சக்கரத் தண்டு ஒரு தடவை சுற்ற வேண்டும். இதைச் செய்பவை பல்சக்கரங்கள். இந்த வண்டியில் முதலாவது கியரில் எஞ்சின் 3.6 தடவைக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால் வெளித்தண்டு ஒரு தடவை சுற்றும். இரண்டாவதில் சுமார் 2.4, மூன்றாவதில் 1.4, நான்காவதில் ஒன்றுக்கு ஒன்று.

பெட்டிக்குள் மேலே ஒரு தண்டும் கீழே ஒரு தண்டும் உண்டு. எஞ்சினின் சுழற்சி மேலிருந்து கீழ்த்தண்டின் பல்சக்கரங்களுக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் மேல்தண்டுக்கு ஏறி வெளியே போகிறது. முதல் மூன்று கியர்களுக்கும் இதுவே வழி. நான்காவது கியரில் மாத்திரம் உள்வரும் தண்டும் வெளிச்செல்லும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். கீழே உள்ளவை சும்மா சுழலுமேயன்றிச் சுமை தாங்குவதில்லை. மூன்று கியர்களில் உறுமி நான்காவதில் அடங்கும் சத்தம், கீழ்த்தண்டைத்தானே குற்றவாளியாகக் காட்டும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை மோதாமல் பூட்ட வேண்டுமானால், முதலில் அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்காக வெண்கலக் கூம்பு ஒன்று உருக்குக் கூம்பின்மேல் உராய்ந்து வேகங்களைச் சமப்படுத்துகிறது. 1928 இல் அமெரிக்காவின் கடிலாக் வண்டிகளில் முதலில் வந்த 'ஸிங்கிரோமெஷ்' என்பது இதுவே. மொறிஸ் மைனரில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு மட்டுமே இந்த வசதி உண்டு. முதலாவதுக்குக் கிடையாது. அதனால்தான் வண்டி முற்றிலும் நின்ற பிறகே முதலாவதில் போட வேண்டுமென்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்.

முற்றத்தில் சத்திர சிகிச்சை

மார்கழி விடுமுறை தொடங்கியதும் வேலையும் தொடங்கிற்று. முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார்கள். வண்டியைத் தூக்கி உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்தினார்கள். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்திக் கீழே புகுவது, யமனுக்கு எழுதும் அழைப்புக் கடிதமாகும். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். கிளச்சுத் தட்டுகளின் தூசியையும் ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்தெடுத்தார்கள். பழைய கிளச்சுகளில் கல்நார் இருந்திருக்கக் கூடும். அத்தூசி சுவாசப் பைக்குக் கொடிய விஷம்.

ஆசனங்களையும் விரிப்பையும் எடுத்து, நடுவிலுள்ள மூடியைத் திறந்து, எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, குறுக்குச் சட்டத்தைக் கழற்றியபின் பெட்டி இறங்கிற்று. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். வடித்த எண்ணெயைச் சூரிய வெளிச்சத்தில் பார்த்தபோது வெள்ளிப் பொடி தூவினாற்போல் மின்னிற்று. பெரியவர் தலையை ஆட்டினார்.

பிரிக்கும் வேலையில் பெரிய கருவிகளைக் காட்டிலும் ஒழுங்கே முக்கியம் என்பதை அன்று கண்டோம். வீட்டிலிருந்த சுளகுகளெல்லாம் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. கழற்றிய வரிசையிலேயே உறுப்புகள் சுளகுகளில் அமர்ந்தன. சிறு திருகாணிகளும் வில்களும் சிரட்டைகளில். ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிய சீட்டு. ஒவ்வொரு படிக்கும் கைபேசியில் ஒரு படம். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் இந்தக் காரியத்துக்குக் கணக்கப்பிள்ளை. பூட்டு வளையத்தைப் பிரதான தண்டிலிருந்து நழுவவிடும்போது, அதை ஒரு பழைய வேட்டித் துணியால் சுற்றிக்கொள்ளச் சொன்னார் பெரியவர். ஏனென்றால் அதற்குள் வில்லின்மேல் மூன்று சிறு உருக்குக் குண்டுகள் காத்திருக்கின்றன. துணியில்லாவிட்டால் அவை கிணற்றடி வரையில் பறந்திருக்கும்!

கீழ்த்தண்டு வெளியே வந்தது. கண்ணாடிபோல் இருக்க வேண்டிய உருக்கு, ஒரு பக்கத்தில் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழிந்திருந்தது. அந்தத் தண்டு சுழல்வதில்லை. பல்சக்கரங்களே ஊசிபோன்ற சிறு உருளைகளின்மேல் அதைச் சுற்றி வருகின்றன. அதனால் சுமை எப்போதும் ஒரே பக்கத்தில் விழுந்து, அந்தப் பக்கமே தேய்ந்திருந்தது. இரண்டாவது கியர் துள்ளியதற்குக் காரணம், சோர்ந்துபோன ஒரு வில். மற்றப்படி பல்சக்கரங்கள் பழுதின்றியே இருந்தன. பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டுமென்ற தீர்ப்பு அங்கேயே தள்ளுபடியாயிற்று.

தண்டும் ஊசி உருளைகளும் இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்டன. பேரிங்குகளின்மேல் பொறித்திருந்த இலக்கத்தைச் சொன்னதும் கொழும்பில் ஒரு கடையிலேயே அவை கிடைத்தன. பேரிங்கைத் தண்டின்மேல் ஏற்றும்போது அதன் உள்வளையத்தின்மீதே அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் நடுவிலுள்ள குண்டுகள் அந்த அடியைத் தாங்கிப் புதியதும் பழையதாகிவிடும்.

ஓர் ஊசியின் விலை

பூட்டும் வேலையில் மிகக் கடினமான கட்டம் கீழ்த்தண்டே. ஊசி உருளைகளைக் கிரீஸில் ஒட்டி, அவை சரியாமல் இருக்கத் தச்சரிடம் கடைந்து வாங்கிய ஒரு மரக்கோலை நடுவில் செருகி, அந்தத் தொகுதியைப் பெட்டியின் அடியில் கிடத்தி வைக்க வேண்டும். மேல்தண்டுகள் பூட்டப்பட்ட பிறகு அதைத் தூக்கி, மெய்யான தண்டை ஒரு பக்கத்திலிருந்து செலுத்த, மரக்கோல் மறுபக்கத்தால் வெளியேறும். இடையில் ஓர் ஊசி நழுவினாலும் போயிற்று. கவனியாமல் மூடிவிட்டால் அது பல்சக்கரங்களுக்கிடையில் அகப்பட்டுப் பற்களையெல்லாம் நொறுக்கிவிடும்.

முதல் தடவை நண்பர் முயன்றார். ஓர் ஊசி நழுவிற்று. இரண்டாம் தடவையும் அவ்வாறே. பொங்கலுக்கு மூன்று நாளே இருந்தது. நண்பர் முகம் வாடிப் போயிற்று. பெரியவர் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் வாரும். உம்மடை விரல் சின்னன்."

அந்தப் பெண் ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். தந்தை தூக்கிப் பிடிக்க, தாய் விளக்குக் காட்ட, பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையே கேட்டுக் கொண்டிருக்க, தண்டு மெள்ள உள்ளே சென்றது. மரக்கோல் முழுதாய் வெளியே வந்தது. சிரட்டையில் ஓர் ஊசியும் மிச்சமில்லை. பெட்டியின் அடியிலும் இல்லை. பாட்டியார் திண்ணையிலிருந்து, "முருகா!" என்றார்.

ஓரங்களிலுள்ள வாஷர்களின் இடைவெளியை மெல்லிய உருக்குத் தகட்டால் அளந்தார்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் இரண்டு மூன்று பங்கு, அதாவது ஒரு தலைமயிரின் கனம். இவ்வளவு அசைவே அங்கு அனுமதி.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு பரீட்சை நடந்தது. வெளித்தண்டைக் கையால் 10 சுற்றுச் சுற்றி, உள்தண்டின் சுற்றுகளைப் பிள்ளைகள் உரக்க எண்ணினார்கள். முதலாவது கியரில் 36 க்குச் சற்று மேல்; இரண்டாவதில் 24 க்குச் சற்றுக் குறைவு; மூன்றாவதில் 14 க்குச் சற்று மேல்; நான்காவதில் சரியாகப் 10. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு இவ்வளவு சந்தோஷத்துடன் எங்கும் ஒப்புவிக்கப்பட்டிருக்காது! ஒரே சமயத்தில் இரண்டு கியர்கள் விழாதபடி உள்பூட்டு தடுக்கிறதா என்றும் பார்த்தார்கள். அது தவறினால் ஓடும் வண்டி சட்டென்று கட்டுண்டு நிற்கும்.

கடைசியாக எண்ணெய். இந்தப் பெட்டிக்குக் கைப்புத்தகம் கேட்பது எஞ்சின் எண்ணெயே. அளவு இரண்டே கால் பைந்து, அதாவது சுமார் 1.3 லீற்றர். 'கியர் எண்ணெய்' என்று கடையில் கொடுப்பதை எல்லாம் வாங்கி ஊற்றக் கூடாது. பின் அச்சுக்கென்று செய்யப்படும் சில எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கும் தன்மையுடையது. அதை ஊற்றினால் ஸிங்கிரோமெஷ் கூம்புகளின் ஆயுள் குறையும்.

பொங்கலுக்கு முதல் நாள் மாலை, பாட்டியார் முன் ஆசனத்தில் ஏறிக்கொள்ள, பெரியவர் பின்னால் அமர, வண்டி படலையைத் தாண்டிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, உறுமல் இல்லை. இரண்டாவது கியர் துள்ளவில்லை. நாற்சந்தி வரையில் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். பிறகு, "இப்ப சரி" என்று மட்டும் சொன்னாராம்.

செலவு, தொழிற்சாலை கேட்டதில் எட்டில் ஒரு பங்கு. இதைப் படித்துவிட்டு நேயர்கள் எல்லாரும் நாளைக்கே தங்கள் வண்டிகளைப் பிரித்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வருஷக் கணக்கில் ஓடவேண்டிய பொருளுக்குத் தேவை, கைப்புத்தகம் ஒன்று, பொறுமை பெரிதளவு, அருகில் ஓர் அநுபவசாலி. முதலிரண்டையும் எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் நமக்காகக் காத்திருக்காது. ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு பெரியவர் இன்னும் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காது கேட்கும்போதே, நம் பிள்ளைகளின் விரல்களை அவரிடம் ஒப்படைத்து விடுவது நல்லது.