சன்னமும் குழலும்: ஓர் இடைவெளியின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவிலே தம் கைத்துப்பாக்கிகளுக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வோர் பலர் உளர். சுடப்பட்ட பித்தளைக் கூட்டினை மீளப் பயன்படுத்துவதால் ஏற்படும் சிக்கனம் இவ்வழக்கத்திற்கு ஒரு முக்கிய காரணமாகும். இவர்களிடையே ஓயாது எழும் வினா ஒன்றுண்டு: குழலின் விட்டத்திலும் சன்னத்தின் விட்டம் மயிரிழை குறைவாயின் யாது நிகழும்? அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரு பங்கு பற்றியதே வாதம். விடை கடினமானதன்று. ஈயச் சன்னம் சிறிதாயின் வெடிவாயு அதன் பக்கங்களாற் கசிந்தோடும். அவ்வெப்பவாயு ஈயத்தை அரித்துக் குழலின் சுவரில் அப்பிவிடும். சுழற்சி தரும் வரிப்பள்ளங்களைச் சன்னம் சரிவரப் பற்றாமையால் குறி சிதறும்.

எனினும், வேண்டுமென்றே சிறிதாக்கப்பட்ட சன்னமும் உண்டு. கோல்ற் நிறுவனத்தின் நீண்ட .38 தோட்டாவில், முதலில் சன்னத்தின் பெரும்பகுதி கூட்டிற்கு வெளியே நின்றது. அதன்மீது தடவப்பட்ட மசகில் தூசு படிந்தது. மசகைக் கூட்டினுள்ளே மறைக்க முற்பட்டபோது, சன்னத்தின் விட்டத்தை ஏறத்தாழ 0.357 அங்குலமாகக் குறைக்க நேர்ந்தது. பழைய துப்பாக்கிகளின் குழலோ அதனினும் அகன்றது. ஆகவே சன்னத்தின் அடியைக் குடைந்து, வெடிவாயுவின் அழுத்தத்தால் அது விரிந்து குழலை நிரப்புமாறு செய்தனர். .38 என்ற பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அப்பெயருடைய தோட்டாவின் சன்னம் 0.357 அங்குலமே.

இலக்கிய ஆய்விற் பழகிய நாம் இத்தகைய அளவுகளில் ஏன் தலையிட வேண்டும் எனச் சிலர் வினவலாம். படைக்கலத்தின் வரலாறு உற்பத்தியின் வரலாற்றிலிருந்து பிரிக்கமுடியாதது என்பதை உணர்ந்த ஏங்கெல்ஸ், 1860-61 இல் வரிக்குழல் துவக்கின் வரலாற்றைத் தொடர்கட்டுரையாக எழுதினார். அடி குடைந்த சன்னத்தின் மூலத்தை அறிய நாமும் அக்காலத்துக்கே செல்ல வேண்டியவராகின்றோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் படைவீரனது துவக்கின் குழல் ஏறத்தாழ 0.75 அங்குலம், குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இவ்விடைவெளி தொழிலறிவின்மையால் விளைந்ததன்று. கரிமருந்து சுடுந்தோறும் குழலிற் கசடு படியும். இறுக்கமான குண்டைச் சில சூடுகளின் பின் வாய்வழியே தள்ளமுடியாது. அணிவகுத்து நின்று, கட்டளைக்கேற்ப ஒருங்கே சுடும் கூலிப்படைக்கு வேண்டியது விரைவேயன்றிக் குறியன்று. வாயு வீணாவதைப் பெஞ்சமின் றொபின்ஸ் 1742 இலேயே கணித நெறிநின்று ஆராய்ந்திருந்தார். ஆயினும் அவ்வறிவு நெடுங்காலம் நூலிலே கிடந்தது. வரிக்குழல் துவக்கு குறி தவறாதது; ஆனால் குண்டை அடித்து இறுக்கவேண்டியிருந்தமையால் அது வேட்டைக்காரரிடமும் சிறு சிறப்புப் படையணிகளிடமுமே தங்கிற்று.

இம்முரண்பாட்டைத் தீர்க்கப் பலர் முயன்றனர். இங்கிலாந்தின் துவக்குத் தொழிலாளர் கிறீனர் 1836 இல் விரியும் சன்னமொன்றை அரசுக்குக் காட்டினார், அது ஏற்கப்படவில்லை. 1849 இல் பிரெஞ்சுக் கப்டன் மினியே முன்வைத்த சன்னத்தை ஆங்கில அரசு ஏற்று, அவருக்கு 20,000 பவுண் வழங்கிற்று. கிறீனருக்குப் பின்னர் கிடைத்தது 1,000 பவுண். தளர்வாக உள்ளே இறங்கி, சுடும்போது விரிந்து வரிகளைப் பற்றுவதே மினியேயின் சன்னம். விரைவும் குறியும் ஒருங்கே கைகூடின.

1853 ஆம் ஆண்டு என்பீல்ட் துவக்கு இத்தத்துவத்தில் அமைந்தது. குழல் 0.577 அங்குலம், சன்னம் 0.568 அங்குலம். இந்த எண்களே எமது வாதத்தின் மையம். பழைய துவக்கில் 0.06 அங்குலமாயிருந்த இடைவெளி இங்கு 0.009 ஆகச் சுருங்கிற்று. அதிலும் சன்னத்தைச் சுற்றிய தாள் ஒரு பகுதியை நிரப்பிற்று. கசடு படிந்த குழலில் அது வழுக்கிச் செல்லக் கொழுப்புத் தேவைப்பட்டது. அகன்ற குழலுக்கு வேண்டாதிருந்த மசகு, இடைவெளி சுருங்கியதனாலேயே தோட்டாவில் ஏறி, தாளைப் பற்களாற் கடித்துக் கிழிக்கும் சிப்பாயின் வாய்வரை வந்தது.

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சமய மூடநம்பிக்கையின் வெடிப்பாகக் காட்டிய குடியேற்றவாத வரலாற்றாசிரியரை நாம் நிராகரிக்கின்றோம். பேரரசுகள் கொழுப்புத் தோட்டாவினால் வீழ்வதில்லை என்று பழமைவாதியான டிஸ்ரேலியே பாராளுமன்றத்திற் கூறினார். மாக்ஸும் அவ்வுரையைத் தம் பத்திரிகைக் கட்டுரையில் எடுத்தாண்டார். நிலவரியும், அரசுகள் பறிக்கப்பட்டமையும், சிப்பாயின் ஊதிய நிலையும் ஆழ்ந்த காரணங்கள். எனினும், முற்போக்கு ஆய்வாளர் சிலர் தோட்டாவை வெறும் சாக்கு என ஒதுக்கிவிடுவதும் எமக்கு உடன்பாடன்று. கொழுப்பு எவ்விலங்கினது என்று அறியும் உரிமையோ மறுக்கும் உரிமையோ அதைக் கடிப்பவனுக்கு இருக்கவில்லை. 1853 இல் இத்தோட்டாக்கள் தட்பவெப்பச் சோதனைக்காக இந்தியாவுக்கு வந்தபோதே கேணல் டக்கர் எச்சரித்திருந்தார்; அது பொருட்படுத்தப்படவில்லை. 1857 தொடக்கத்தில், சிப்பாய்கள் தாமே மசகு தடவிக்கொள்ளவும் கையாற் கிழிக்கவும் அனுமதி கிடைத்தபோது நம்பிக்கை அற்றுப்போயிற்று. ஏப்பிரல் 24 இல் மீரட்டிலே 85 குதிரைவீரர் மறுத்தது என்பீல்ட் தோட்டாவையன்று, தமக்குப் பழகிய பழைய தோட்டாவையே. மே 9 இல் அவர்கள் படையணியின் முன்னே விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி மூண்டது.

பின்னர் என்பீல்ட் சன்னம் மேலும் சிறிதாக்கப்பட்டு, 1859 அளவில் 0.55 அங்குலமாயிற்று. இந்தியச் சிப்பாய்களுக்கென்றோ வேறொரு துவக்கு உருவாக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்பீல்ட். குழலோ வரிகளற்று, ஏறத்தாழ 0.65 அங்குலமாக அகற்றப்பட்டிருந்தது. வெள்ளைப் படையினரிடம் வரிக்குழல் இருக்க, சுதேசப் படையினரிடம் குறியில்லாக் குழல் மீண்டும் வழங்கப்பட்டது.